இலையைக் காத்த செம்பு

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள கூரம் என்னும் சிற்றூரின் பெயரை வரலாறு படித்தவர்கள் நன்கு அறிவார்கள். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் அவ்வூரில் ஒரு சிவன் கோயில் எழுந்தது. அக்கோயிலுக்காக விடப்பட்ட நிலங்கள், வெட்டப்பட்ட ஏரி, பாலாற்றிலிருந்து அந்த ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய் ஆகிய செய்திகளை மன்னன் செப்பேடுகளில் பொறிக்கச் செய்தான். அவையே கூரம் செப்பேடுகள் எனப் புகழ் பெற்றவை.

இச்செய்திகளைப் பனையோலையில் எழுதி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பனையோலையும் ஓர் இலைதானே! நம் ஊர் ஈரத்தில் சில நூறு ஆண்டுகளுக்குள் பூச்சியும் பூசணமும் அதை அரித்துத் தின்றிருக்கும். செம்பில் பூசணத்துக்கு உணவு ஏதும் இல்லை. அதுமட்டுமன்று, செம்பு அதற்கு நஞ்சு. பச்சைக் களிம்பு ஏறினாலும் எழுத்து நின்றது. 1,300 ஆண்டுகள் கழிந்தும் நாம் படிக்கிறோம்.

பூசணத்துக்குச் செம்பு நஞ்சு என்ற இந்த ஒரு செய்தியே பிற்காலத்தில் உலகின் திராட்சைத் தோட்டங்களையும் காப்பித் தோட்டங்களையும் காத்தது. உங்கள் வீட்டு ரோஜாச் செடியை இன்றும் காக்க வல்லது. ஆனால் அந்தச் செய்தியை மனிதன் கண்டறிந்த பிறகும், அதை இலைமேல் பயன்படுத்தத் தொடங்குவதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் பிடித்தன. அந்தத் தாமதத்துக்கு இடையில் ஒரு நாடு பட்டினியால் மடிந்தது. இன்னொரு நாட்டின் பயிர்த்தொழிலே தலைகீழாக மாறியது. அந்த வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

இலையில் என்ன நடக்கிறது?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தொடர்ந்து சில நாள் மழை பெய்து ஓய்ந்தபின் உங்கள் தோட்டத்து இலைகளை உற்றுப் பாருங்கள். ரோஜா இலையின் மேற்புறத்தில் ஓரம் சிதைந்த வட்டமாகக் கருநிறப் புள்ளிகள் தோன்றியிருக்கும். சுற்றிலும் இலை மஞ்சளாகி, தொட்டாலே உதிரும். இது கரும்புள்ளி நோய். மல்லிகையிலும் சாமந்தியிலும் பழுப்புப் புள்ளிகள் தென்படும். காஞ்சிபுரம் வட்டாரத்து நிலக்கடலைக் கொல்லைகளில் உழவர்கள் 'டிக்கா' என்று சொல்லும் இலைப்புள்ளி நோயும் இவ்வகைப்பட்டதே.

இவற்றுக்கெல்லாம் காரணம் பூசணங்கள். பூசணத்துக்குப் பச்சையம் கிடையாது. எனவே சூரிய ஒளியைக் கொண்டு சொந்தமாக உணவு சமைத்துக்கொள்ள அதனால் முடியாது. செத்த பொருளையோ உயிருள்ள பொருளையோ அண்டித்தான் அது பிழைக்க வேண்டும். அது விதை போடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வித்துகளைத் தூசியாக வெளியிடுகிறது. காற்றிலோ மழைத்துளியின் தெறிப்பிலோ வந்து இலைமேல் விழும் வித்து, ஈரம் கிடைத்தால் முளைக்கிறது. மெல்லிய இழை ஒன்றை நீட்டி, இலையின் தோலைத் துளைத்தோ, மூச்சுவிடும் இலைத்துளை வழியாகவோ உள்ளே போகிறது. உள்ளே போய்விட்டால் பிறகு அதை வெளியேற்றுவது மிகக் கடினம். நாம் புள்ளியைக் காணும்போது பகைவன் வீட்டுக்குள் குடியேறிப் பல நாட்கள் ஆகியிருக்கும்.

இலைதான் செடியின் சமையலறை. அது போனால் செடி பட்டினி கிடக்கும். அடுத்த பருவத்தில் பூ குறையும், கிளை காயும்.

நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா?

இவ்வளவும் இன்று பள்ளி மாணவருக்கும் தெரியும். ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முன் அறிஞர்களே இதை ஒப்புக்கொள்ளவில்லை. நோயுற்ற இலையில் பூசணம் இருப்பதை அவர்கள் கண்டார்கள். ஆனால் அதைக் காரணம் என்று எண்ணாமல் விளைவு என்று எண்ணினார்கள். கெட்ட காற்றாலும் குளிராலும் செடி முதலில் கெடுகிறது; கெட்ட பிறகு அதிலிருந்து பூசணம் தானாகத் தோன்றுகிறது என்பதே அவர்கள் கொள்கை. குப்பையில் காளான் முளைப்பதைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை அல்லவா?

இக்கொள்கையை எதிர்த்து முதலில் தெளிவான சான்று காட்டியவர் பிரான்சு நாட்டின் மோந்தோபான் நகரில் வாழ்ந்த பெனடிக்ட் பிரெவோ என்பவர். கோதுமைக் கதிரைக் கரித்தூளாக மாற்றும் நோயை அவர் ஆராய்ந்தார். கரித்தூளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது அது வித்துகளின் கூட்டம் என்று தெரிந்தது. அவ்வித்துகளைத் தண்ணீரில் இட்டு, அவை முளைப்பதையும் கண்டார். நோய்க்குக் காரணம் ஒரு நுண்ணுயிரே என்று 1807ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார்.

அந்த ஆராய்ச்சியின்போதே அவர் இன்னொன்றையும் கவனித்தார். செம்புப் பாத்திரத்தில் இருந்த தண்ணீரில் இட்ட வித்துகள் சரியாக முளைக்கவில்லை! தண்ணீரில் கரைந்த செம்பு மிகச் சிறிய அளவே. ஆயினும் அதுவே வித்துகளை அடக்கிவிட்டது. அதைக் கொண்டு, விதைக் கோதுமையை மயில்துத்தக் கரைசலில் நனைத்து விதைத்தால் நோய் வராது என்றும் அவர் காட்டினார். மயில்துத்தம் என்பது நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் நீலநிறக் கல். வேதியியல் பெயர் காப்பர் சல்பேட்.

ஆக, நோயின் காரணம், அதன் மருந்து ஆகிய இரண்டும் 1807லேயே ஒரே மனிதரின் கையில் இருந்தன. ஆனால் பாரிசு நகரத்து அறிவியல் கழகத்தார் அவர் முடிவை ஏற்கவில்லை. பழைய கொள்கையே தொடர்ந்தது. பிரெவோ 1819இல் காலமானார்.

உருளைக்கிழங்கும் பட்டினியும்

1845ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் உருளைக்கிழங்கு வயல்களில் இலைகள் கருகத் தொடங்கின. அயர்லாந்தின் ஏழை மக்களுக்கு உருளைக்கிழங்கே மூன்று வேளை உணவு. இலை கருகியது, கிழங்கு அழுகியது, அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அந்நோய் தாக்கியது. சில ஆண்டுகளுக்குள் சுமார் 10 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர். ஏறத்தாழ அதே அளவு மக்கள் கப்பலேறி நாட்டை விட்டு வெளியேறினர்.

இலையின் அடிப்புறத்தில் வெண்பூசணம் படிந்திருப்பதை எல்லோரும் கண்டனர். இங்கிலாந்தின் மைல்சு பெர்க்லி என்னும் பாதிரியார், பூசணங்களை ஆராய்வதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர். அதுவே நோய்க்குக் காரணம் என்று அவர் 1846இல் எழுதினார். மிகுந்த மழையால் செடி அழுகியது. பூசணம் பின்னால் வந்தது என்று மற்றவர்கள் வாதிட்டனர். செருமானிய அறிஞர் அன்டன் டி பேரி 1861இல் நடத்திய சோதனைதான் வழக்கைத் தீர்த்தது. நல்ல செடிகளில் சிலவற்றின்மேல் வித்துகளைத் தூவினார். மற்றவற்றைத் தூவாமல் விட்டார். இரண்டுக்கும் ஒரே குளிர், ஒரே ஈரம். வித்து விழுந்த செடிகள் மட்டுமே நோயுற்றன.

இந்த உயிரை இக்கால உயிரியலார் உண்மைப் பூசணக் கூட்டத்தில் சேர்க்காமல், நீர்ப்பூசணங்கள் என்ற தனிக் கூட்டத்தில் வைக்கிறார்கள். ஆனால் அது இலையைத் தாக்கும் முறை நாம் மேலே கண்ட முறையே.

இலங்கை மலைகளில் ஆரஞ்சு நிறத் தூள்

இனி நமக்கு நெருக்கமான ஒரு வரலாற்றுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை மலைநாடு முழுவதும் காப்பித் தோட்டமாக இருந்தது. காட்டை வெட்டி, மலைக்கு மலை இடைவெளியின்றிக் காப்பியே நட்டார்கள். 1870களின் இறுதியில் அதன் பரப்பு இரண்டரை லட்சம் ஏக்கரைத் தாண்டியது. அங்கே காப்பிப் பழம் பறிக்க ஆண்டுதோறும் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்து ஏழை மக்கள் தோணியேறி மன்னாருக்குப் போய், காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் மாண்டவர்கள் பலர்.

1869இல் மடுல்சீமைப் பகுதியில் காப்பி இலைகளின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறத் தூள் படிந்த புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைத் தாவரத் தோட்டத்தின் தலைவர் துவெயிட்சு அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே அதை ஆராய்ந்து பெயரிட்டவர் அதே பெர்க்லி பாதிரியார்தான். 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்பது அவர் இட்ட பெயர். பின்சொல்லுக்கு 'பாழாக்குவது' என்று பொருள். பெயருக்கேற்ப அது பாழாக்கியே விட்டது. நோயுற்ற இலைகள் உதிர்ந்தன. விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது.

1880இல் மார்ஷல் வார்டு என்ற 26 வயது இளைஞர் இந்நோயை ஆராய இலங்கைக்கு அனுப்பப்பட்டார். அவர் செய்த சோதனைகள் எளியவை, அழகியவை. பசைத்தன்மையுள்ள கண்ணாடிச் சில்லுகளைத் தோட்டத்தில் வைத்து, காற்றில் வரும் வித்துகளைப் பிடித்தார். இலைமேல் தண்ணீர்த்துளி இருக்கும்போதுதான் வித்து முளைக்கிறது என்றும், முளைத்த இழை இலைத்துளை வழியே நுழைகிறது என்றும் கண்டார். ஒரு சிறு புள்ளியிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வித்துகள் உண்டாவதைக் கணக்கிட்டார். காற்றைத் தடுக்க வேறு மரங்களே இல்லாமல் மைல் கணக்கில் ஒரே பயிரை நட்டதுதான் நோய் தீப்போல் பரவக் காரணம் என்றும் விளக்கினார். வித்து உள்ளே நுழைந்த பிறகு மருந்திட்டுப் பயனில்லை. நுழையும் முன்பே இலையைக் காக்க வேண்டும் என்பது அவர் ஆராய்ச்சியிலிருந்து கிடைத்த பாடம்.

ஆனால் எதைக் கொண்டு காப்பது? அதற்கு ஏற்ற மருந்து வார்டின் கையில் இல்லை. செம்பைப் பற்றிப் பிரெவோ எழுதி 75 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் அதை இலைமேல் பூசும் வழக்கம் இன்னும் வரவில்லை. 1882இல் வார்டு நாடு திரும்பினார். மருந்தை எதிர்பார்த்திருந்த தோட்ட முதலாளிகள் ஏமாற்றம் அடைந்தனர். பிரேசில் நாட்டுக் காப்பியின் போட்டியும் சேர்ந்துகொள்ள, அவர்கள் காப்பியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள்.

இந்த மாற்றம் நம் மக்களின் வாழ்வையும் மாற்றியது. காப்பிப் பழத்தை ஆண்டில் சில மாதங்களே பறிக்க வேண்டும்; பறித்து முடிந்ததும் ஊர் திரும்பலாம். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் கிள்ளப்பட வேண்டியது. எனவே பருவத்துக்குப் போய் வந்தவர்கள் குடும்பத்தோடு லயன் வீடுகளில் நிலையாகத் தங்க நேர்ந்தது. இலங்கை மலையகத் தமிழர் என்ற ஒரு சமுதாயம் உருவானதில் ஓர் இலைப் பூசணத்துக்கும் பங்கு உண்டு என்றால் அது மிகையாகாது.

திருடரைத் தடுக்கத் தெளித்த நீலம்

வார்டு இலங்கையை விட்டுப் புறப்பட்ட அதே 1882ஆம் ஆண்டின் அக்டோபர் மாதம். பிரான்சின் போர்டோ பல்கலைக்கழகத்துத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்டே, மெடாக் பகுதியில் ஒரு திராட்சைத் தோட்டத்தின் வழியே நடந்து சென்றார். அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோய் அப்போது பிரான்சின் திராட்சைக் கொடிகளை மொட்டையடித்துக் கொண்டிருந்தது. ஆனால் சாலையோரக் கொடிகளில் மட்டும் இலைகள் பசுமையாக இருந்தன. இலைமேல் நீலமும் பச்சையும் கலந்த ஏதோ ஒரு பூச்சு தெரிந்தது.

விசாரித்தபோது காரணம் தெரிந்தது. வழிப்போக்கர்கள் பழத்தைத் திருடித் தின்பதைத் தடுக்க, அந்த ஊரார் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து சாலையோரக் கொடிகளில் தெளிப்பது வழக்கமாம். நஞ்சு தெளித்தது போல் தோன்றும். திருடன் கை வைக்க மாட்டான்!

கண்டவர் பலர், ஏன் என்று கேட்டவர் மில்லார்டே. அவர் கேயோன் என்ற வேதியியல் பேராசிரியரையும் சேர்த்துக்கொண்டு சோதனைகள் நடத்தி, 1885இல் முடிவை வெளியிட்டார். அதுவே 'போர்டோக் கலவை'. பிரெவோ செம்புப் பாத்திரத்தில் கண்டது கடைசியில் இலைமேல் வந்து சேர்ந்தது. இடையில் 78 ஆண்டுகள் கழிந்திருந்தன.

நம் நாட்டிலும் அது விரைவில் பயன்பட்டது. மலைநாட்டுப் பாக்கு மரங்களில் மழைக்காலத்தில் காய்களை அழுக வைக்கும் 'கொளெரோகா' என்னும் நோய்க்கு, மைசூர் அரசின் விஞ்ஞானி லெஸ்லி கோல்மன் 1910ஆம் ஆண்டையொட்டிப் போர்டோக் கலவையைப் பரிந்துரைத்தார். தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களில் துரு நோய்க்கு எதிராக, மழைக்காலத்துக்கு முன்பே இக்கலவையைத் தெளிப்பது இன்றும் வழக்கில் இருக்கிறது. இலங்கையில் தோற்ற போரை, நோயை ஓரளவு தாங்கும் காப்பி வகைகள், நிழல் மரங்கள், செம்பு ஆகிய மூன்றின் துணையால் இங்கே சமாளித்தார்கள்.

பனித்துளியும் செம்பும்

செம்பு எப்படி வேலை செய்கிறது? இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

தெளிந்த இரவில் இலை தன் வெப்பத்தை வானை நோக்கிக் கதிர்வீச்சாக இழக்கிறது. அதனால் சுற்றியுள்ள காற்றைவிட இலை குளிர்ந்துவிடுகிறது. காற்றிலுள்ள நீராவி அதன்மேல் படிந்து பனித்துளியாகிறது. மார்கழிக் காலையில் புல்லில் காணும் பனி இப்படி வந்ததே. பூசண வித்துக்கு இந்த ஈரப்படலமே நுழைவாயில். ரோஜாக் கரும்புள்ளி நோயின் வித்து முளைத்து உள்ளே நுழைய, இலை தொடர்ந்து ஏறத்தாழ 7 மணி நேரமாவது நனைந்திருக்க வேண்டும். அதற்கு முன் வெயிலோ காற்றோ இலையை உலர்த்திவிட்டால் வித்து வீண்.

மயில்துத்தத்தை மட்டும் தெளித்தால் அது இலையையே கருக்கிவிடும். சுண்ணாம்பு சேர்ந்ததும் அதன் காரம் தணிகிறது. தண்ணீரில் எளிதில் கரையாத நீலப் படிவாக மாறி இலையில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஒவ்வொரு முறை பனியோ மழையோ படும்போதும் சிறிதளவு செம்பு கரைகிறது. வித்து முளைப்பதற்காக உறிஞ்சும் அதே நீரோடு செம்பும் உள்ளே போய் அதைக் கொல்கிறது. ஆக, எந்த ஈரம் பூசணத்துக்கு வாயிலோ, அதே ஈரமே இப்போது அதற்குப் பொறியாகிறது!

உங்கள் தோட்டத்துக்கு

இந்த வரலாற்றிலிருந்து வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டிய விதிகள் தாமே கிடைக்கின்றன.

முதலாவது, இலையை நனைக்காதீர்கள். மாலையில் செடியின் தலையில் தண்ணீர் ஊற்றினால் இரவு முழுவதும் இலை ஈரமாக இருக்கும். காலையில் வேரடியில் ஊற்றுங்கள்.

இரண்டாவது, செடிகளை நெருக்கி நடாதீர்கள். காற்றும் வெயிலும் புகுந்தால் இலை விரைவில் உலரும். ஒரே வகைச் செடியை வரிசையாக நிரப்புவதைவிடப் பல வகைகளைக் கலந்து நடுவது நல்லது. வார்டு இலங்கையில் கண்ட பாடம் இது.

மூன்றாவது, புள்ளி விழுந்த இலைகளையும் உதிர்ந்த இலைகளையும் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். அடுத்த மழைக்கான வித்துகள் அவற்றில்தான் உள்ளன.

நான்காவது, இத்தனையும் செய்தும் ஆண்டுதோறும் நோய் வருமானால் மட்டும், மழைக்காலம் தொடங்குவதற்கு முன் போர்டோக் கலவை தெளிக்கலாம். 10 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 10 கிராம் நல்ல நீற்றுச் சுண்ணாம்பை மற்றோர் அரை லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியே கரைத்து வடிகட்டுங்கள். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது, இரும்பு கூடாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான இரும்புக் கத்தி ஒன்றை ஒரு நிமிடம் அதில் நனைத்துப் பாருங்கள். கத்தியில் செந்நிறம் படிந்தால் செம்பு இன்னும் தனித்து நிற்கிறது என்று பொருள். மேலும் சிறிது சுண்ணாம்பு நீர் சேர்க்க வேண்டும். அன்றன்று கலந்ததை அன்றே தெளித்துவிட வேண்டும். இலையின் இருபுறமும், குறிப்பாக அடிப்புறம், நுண்துளிகளாகப் படியட்டும். மயில்துத்தம் நஞ்சு, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். மூக்கையும் கண்ணையும் மூடிக்கொண்டு தெளியுங்கள்.

பூசணி, பாகல், வெண்டை இலைகளில் மாவு தூவியது போல் படியும் சாம்பல் நோய்க்கு மட்டும் இந்த விதிகள் முழுவதும் பொருந்தா. அந்த வித்துக்கு ஈரப்படலம் தேவையில்லை. காற்றின் ஈரப்பதமே போதும். அதற்குப் பழைய மருந்து கந்தகம். இங்கிலாந்தின் தோட்டக்காரர் டக்கர் என்பவர் 1845இல் திராட்சையில் அந்நோயைக் கண்டபோது, கந்தகமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்துத் தீர்வு கண்டார்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. செம்பு மக்கிப் போகும் பொருள் அன்று. கூரத்துச் செப்பேட்டை அழியாமல் காத்த அதே குணம், மண்ணில் சேர்ந்த செம்பையும் அழியாமல் வைத்திருக்கும். நூறாண்டுக்கும் மேலாக இக்கலவையைத் தெளித்துவந்த ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களின் மண்ணில் செம்பு மிகுதியாகச் சேர்ந்துவிட்டது. அது மண்புழுக்களுக்குத் தீங்கு. ஆகவே தேவைக்கு மேல் ஒரு துளியும் வேண்டாம்.

பிரெவோவின் பாத்திரத்தில் வித்து முளைக்காதது சிறிய செய்திதான். அதைப் பெரியோர் ஒதுக்கியதால் அது நூலிலேயே உறங்கியது. சாலையோர இலையைப் பார்த்து ஒருவர் ஏன் என்று கேட்டதால் மீண்டும் விழித்தது. மழைக்காலத்தில் உங்கள் தோட்டத்தில் ஒரு செடி மட்டும் நோயின்றி நின்றால், அதைப் பார்த்து மகிழ்வதோடு நின்றுவிடாதீர்கள். அதற்கு வெயில் எங்கிருந்து விழுகிறது, காற்று எப்படி வீசுகிறது, தண்ணீர் எப்போது ஊற்றுகிறீர்கள் என்று குறித்து வையுங்கள். மற்றச் செடிகளைக் காக்கும் வழி அந்தக் குறிப்பில் இருக்கக்கூடும்.